பேசாமல் இருக்கும் படகுகள்

வயர்லெஸ் அறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து நிற்கிறார்கள். "அக்கா, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், பதிலே வரல. நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" நீங்கள் சரியாகத்தான் அமுக்குகிறீர்கள். இதை எழுதுவது உங்களுக்காகத்தான்.

1. சிரிக்காதே, அழாதே

பி.காம். முடித்துவிட்டு, கைக்குழந்தையைப் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் விட்டுவிட்டு, திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு வேலைக்கு வந்தேன். படகுச் சங்கத்தின் மாடியில் ஓர் அறை. ஒரு வயர்லெஸ் செட், ஒரு மைக், ஒரு டெலிபோன். கடலில் இருக்கும் லாஞ்சுகளை, அதாவது விசைப்படகுகளைக் கூப்பிட்டு வானிலை சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சங்கச் செயலாளர் ஏழுமலை அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். "மைக்கப் புடிச்சா சிரிக்காத, அழுவாத. நீ பயந்தா அங்க இருக்கறவன் பத்து மடங்கு பயப்படுவான்."

நான் அப்படியே பேசினேன். ஆனால் பாதி படகுகள் பதிலே சொல்வதில்லை. அவரிடம் போய்க் கேட்டேன்.

"மீன் பட்டிருக்கும்மா. பேசினா குரல்லியே தெரிஞ்சிடும். அப்பால அத்தினி லாஞ்சும் அங்க போயி நிக்கும். அதான் கம்முனு கீறானுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. கஷ்டத்தை மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரே அந்த ரகம். சந்தோஷத்தை மறைக்க வாயை மூடிக்கொள்கிறவர்களை இங்கேதான் பார்த்தேன். பேட்டரி செத்துப்போன படகும் பேசாது, இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறிய படகும் பேசாது. என் நாற்காலியிலிருந்து கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சல். இதில் எது சந்தோஷம், எது சாவு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

2. கூண்டு ஏற்றிய நாள்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுக் கரைக்குத் திரும்பச் சொன்னேன். எல்லாரும் பதில் சொன்னார்கள், கங்கையம்மன் என்ற படகைத் தவிர. அதன் டிரைவர் தேசப்பன். முந்தின நாளிலிருந்தே அவர் பேசவில்லை.

அன்றைக்கென்று பார்த்து என் பெண்ணுக்குக் காய்ச்சல். போகலாமா, லீவு போடலாமா என்று ரயில் ஏறும் வரை யோசித்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்துப் போர்ஷன் அக்கா வீட்டுக்குப் போன் செய்தால் எங்கேஜ்டு. மறுபடி செய்தாலும் எங்கேஜ்டு. ஒரு காதில் வயர்லெஸ் இரைச்சல், இன்னொரு காதில் அந்த 'டொய்ங் டொய்ங்'.

தேசப்பனின் மனைவி செல்வி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"இன்னா மேடம், எங்க வூட்டுக்காரு பேசினாரா?"

"இல்லம்மா. எங்கே இருப்பார்னு உனக்குத் தெரியுமா?"

அவள் ஏழுமலை அண்ணன் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "பயவேற்காட்டுக்கு நேரா, ஒடஞ்ச கப்பலாண்ட. வல சிக்கும்னு ஒருத்தனும் போவமாட்டான். மீனு அங்கதான் சேரும், இவரு ஓரமா வலய இஸ்துகினு வருவாரு. வெளிய சொல்லாத மேடம்."

ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. "மீன் பட்டிருக்கும், வந்துடுவான்" என்றார் ஏழுமலை அண்ணன். ஆனால் அவரே ஒரு இடத்தில் நிற்கவில்லை. சொல்லாதே என்றாளே, சொன்னால் வேலை போய்விடுமோ, சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? மைக்கை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"எல்லாப் படகுக்கும் சொல்றேன். கங்கையம்மன் பதில் சொல்லல. பக்கத்துல இருக்கிறவங்க போய்ப் பாருங்க. இடம், பழவேற்காட்டுக்கு நேரா, உடைஞ்ச..."

"ஏ ஏ ஏ! மேடம்! நிறுத்து! கீறோம், கீறோம்! நல்லாத்தான் கீறோம்!"

அறையே அதிர்ந்தது. தேசப்பனின் குரல்தான். "கெளம்பிட்டோம். வாய மூடு நீ!"

நான் மைக்கைக் கீழே வைத்தேன். செல்வி முதலில் ஓவென்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். "இன்னா மேடம் நீ! அந்த எடத்தப் போயி ரேடியோல சொல்றியே! எங்க பொயப்பு இன்னாவறது?" ஏழுமலை அண்ணனும், "பாதி இடத்த ஊருக்கே சொல்லிட்டியேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். படகு திரும்புகிறதே என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே!

மழை தொடங்கும் முன் கங்கையம்மன் வந்து சேர்ந்தது. தேசப்பன் ஈர லுங்கியோடு மாடியேறி வந்து சண்டைக்கு நின்றார்.

"புயல் வருதுன்னு நான் சொன்னது கேட்டுச்சா இல்லையா?" என்றேன்.

"கேட்டுகினுதான் இருந்தோம். இன்னும் ஒரு வல இஸ்துட்டு கெளம்பலாம்னு..."

"அப்போ அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

அவர் தரையைப் பார்த்தார். "பேசினா சிரிப்பு வந்துரும் மேடம். அத்தினி மீனு."

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். குழந்தை வியர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது, காய்ச்சல் இறங்கியிருந்தது. ரிசீவர் போனுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. "இப்பத்தான் கண்ணு மூடுச்சு, மணி அடிச்சா எழுந்துக்குமேன்னு எடுத்து வெச்சேன்" என்றார் அக்கா. நல்ல மனசோடு செய்த காரியம்தான். அந்த ஒரு பகல் என்னைச் செத்துப் பிழைக்க வைத்ததும் அதுதான்.

3. ரெண்டு வாட்டி

அடுத்த தடவை படகு கிளம்பும் முன்பு செல்வி கணவரை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். "நீ ஒண்ணும் பேசவேணாம். மேடம் பேர் சொல்லிக் கூப்புட்டா மைக்க ரெண்டு வாட்டி அமுக்கு. மீனு கீதா இல்லியான்னு எனக்கு வேணாம். நீ கீறியான்னு தெரியணும்."

தேசப்பன் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இப்போது பாதி படகுகளில் அதுதான் வழக்கம். பக்கத்துப் போர்ஷன் அக்காவும் மத்தியானம் சங்கத்துப் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடுகிறார். குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லாத என் வீட்டுக்காரருக்குத்தான் இப்படி ஒரு வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதில் வரவில்லை என்றால் நல்லது என்றும் நினைக்காதீர்கள், கெட்டது என்றும் நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும்.

காற்று வலுக்கும் நாட்களில் செல்வி இன்னும் மாடிக்கு வருகிறாள். கங்கையம்மன் என்று கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு டிக், டிக்.

"பாரு மேடம், இந்த மன்ச்சனுக்கு எம்மாம் கொழுப்பு" என்று ஆரம்பித்துவிடுவாள். படியிறங்கித் தெருமுனை தாண்டும் வரை அவள் அவரைத் திட்டிக்கொண்டு போவது எனக்குக் கேட்கும்.