பிளந்து கிடந்த ஹரிக்கேன்

கல்முனைக் கடைத்தெருவில் பல்லுக் கட்டுகின்ற ஜவுபர், பிரித்தானிய விமானப்படைக்கு, விமானி உட்காரும் கதிரை ஒன்று செய்துகொண்டிருந்தார். படை அதைக் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரும் எண்பது வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கதிரை சுண்டுவிரல் நகமளவு. அது போய் அமரவேண்டிய ஹரிக்கேன் சண்டை விமானம் ஒரு சாண் நீளம். மகன் றிஸ்மி கட்டாருக்குப் போன புதிதில் அனுப்பிய பிளாஸ்டிக் துண்டுகளின் பெட்டி அது. வாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கைவேலைக்காரர், கைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டான்.

பெட்டிக்குள் ஒரு விமானியும் இருந்தான். ஜவுபரின் மனைவி ஸாலிஹா வானவர்களின் பெயரால் அவனுக்கு விசா மறுத்துவிட்டாள். “உருவம் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க. ஆள வெளிய போடுங்க.”

ஆள் வெளியே போனதும் கதிரை அம்பலமாயிற்று. ஆள் உட்கார்ந்திருந்தால் கதிரையின் குறை யாருக்குத் தெரியப்போகிறது? இதுவோ வெறும் பிளாஸ்டிக் குழி. தோள்பட்டி இல்லை, கொக்கி இல்லை. ஜவுபர் பழைய படங்களைப் பார்த்து, அசல் அளவை நாற்பத்தெட்டால் பிரித்து, எல்லாவற்றையும் தானே செய்வதென்று இறங்கினார். பொய்ப்பல்லின் ஈறுக்கு ஊற்றும் மாவில் கதிரை. பல்லை இழுத்துப் பிடிக்கும் கம்பியில் கொக்கி. எக்ஸ்ரே பிலிமுக்குள் வரும் ஈயத்தாளில் பட்டி.

அதன்பிறகுதான் அதிசயம் நடந்தது. வாப்பாவும் மகனும் கதைக்கத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்னர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து றிஸ்மி வீடியோவில் வந்தால், சலாமுக்கும் பதில் சலாமுக்கும் நடுவில் இருவருடைய கதையும் தீர்ந்துவிடும். ஒரே கூரையின் கீழ் வளர்த்த பிள்ளைதான். பாசத்திலும் குறைவில்லை. கதைக்க ஒரு சாமான் இல்லாததுதான் குறை. இப்போது சாமான் வந்துவிட்டது.

“வாப்பா, பட்டி தடிப்பாக் கிடக்கு.”

“இன்னம் தேய்க்கலாம் மகன்.”

“கொக்கியக் கிட்டக் காட்டுங்க. அதுக்கு ஓட்ட இல்லியே?”

“போட்டிரிக்கன்டா. உன்ட போனுக்குத்தான் கண் தெரியல்ல.”

அந்தப் பக்கம் சிரிப்பான். பக்கத்தில் முறை காத்துநிற்கும் ஸாலிஹா, “வாப்பாக்கும் மகனுக்கும் அப்புடி என்ன கத? நான் பெத்தவ, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்பாள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. விமானத்தின் உடம்பு நெடுக்குவாட்டில் இரண்டு பாதி. கதிரையை உள்ளே ஒட்டிய பிறகுதான் இரண்டையும் சேர்த்து மூடலாம். மூடினால் கதை முடிந்தது. ஆகவே ஜவுபர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதிரையில் ஒரு குறை கண்டுபிடித்தார். இவர் கட்டிய பல் கல்யாண வீட்டில் சோற்றுக்குள் விழுந்த வரலாறு ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு கொக்கிக்காக ஐந்து கொக்கிகளை வீசினார். நான்கு வருடமாக ஹரிக்கேன் வெட்டிய கருவாட்டு மீன்போலப் பிளந்தே கிடந்தது.

“என்ட கீழ்ப்பல்லு எங்க ஜவுபர்?” என்று கேட்டு வருவார் மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவின் செபரட்ணம் மாஸ்டர். “பல்லில்லாமப் பாடினா துதி எல்லாம் காத்தாப் போகுது.”

“கதிர வேல கொஞ்சம் மிச்சம் கிடக்கு மாஸ்டர்.”

“கதிரையக் காட்டி எத்தின நாளைக்கு மகனப் பிடிச்சு வைப்பாய்? வந்து பாத்திட்டுப் போடா எண்டு சொல்லன்.”

ஜவுபர் பூதக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கதிர முடியட்டும் மாஸ்டர்.”

முடித்துவைத்தவன் றிஸ்மிதான். லீவில் வந்த அவனுடைய கூட்டாளி அக்ரம் ஒரு சிறு பொதி கொண்டுவந்தான். உள்ளே ஹரிக்கேனுக்கென்றே இயந்திரத்தில் வார்த்த கதிரை. பட்டியும் கொக்கியும் சேர்ந்தே இருந்தன. கூடவே குரல் செய்தி: “வாப்பா கண்ணக் கெடுத்துக் கஷ்டப்படுறீங்க. இது அச்சொட்டான அளவு. இனி லேசா முடிச்சிரலாம்.”

“புள்ளைக்கு எவ்வளவு இரக்கம் பாருங்க” என்று ஸாலிஹா கண் துடைத்தாள்.

ஜவுபர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கதிரையை ஆராய்ந்தார். அகலத்தை அளந்தார். சரி. உயரம், சரி. கொக்கியில் ஓட்டை, அதுவும் சரி. யா அல்லாஹ், ஒரு குறை! மயிரிழை போதும்! கருணையுள்ள இறைவன் அந்த ஒன்றை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை.

பொருந்தவில்லை என்று பொய் சொல்லலாம். பெட்டிக்குள் பூட்டியும் வைக்கலாம். ஆனால் பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பியதைப் பாவிக்காமல் விடும் வழக்கம் இந்தக் கரையில் இல்லை. சித்திரை வெயிலில் கட்டார்க் கம்பளி போர்த்தி வியர்த்துக் கிடந்தவர்கள் இவர்கள். ஜவுபர் மகன் அனுப்பிய கதிரையை ஒட்டினார். இரண்டு பாதியையும் சேர்த்து இறப்பர் வளையம் போட்டார். காய்ந்தது.

வெள்ளிக்கிழமை விமானத்தைத் திரைக்குமுன் பிடித்தார்.

“மாஷா அல்லாஹ்! முடிஞ்சிட்டா வாப்பா? ஷோக்!”

“ஓம் மகன். உன்ட சாமான் நல்லாப் பொருந்திட்டு.”

“நான் சொன்னன்தானே.”

அந்தப் பக்கம் யாரோ றிஸ்மியைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் தலை திரும்பியது. ஜவுபர் அவசரமாக விமானத்தைக் கவிழ்த்து வயிற்றைக் காட்டினார். பிறகு வாலைக் காட்டினார். காட்ட வேறு பக்கம் இல்லை.

“மகன், இந்த இடப்பக்கச் சிறகில விளக்கு ஒண்டு வரும். அது அளவு கொஞ்சம் பிசகு போலக் கிடக்கு. கழட்டிப்போட்டு…”

“பரவால்ல வாப்பா,” என்றான் றிஸ்மி, அவ்வளவு அன்பாக. “அத ஆரு பாக்கப்போறாங்க?”

“ஓம் மகன்,” என்றார் ஜவுபர். “ஆரு பாக்கப்போறாங்க.”