உறுமி நின்ற இடம்

சாஆ என்ற சிற்றூர் வட்டாரத்தில் ரூபேந்திரனைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. பகலில் மூவார் நகரத் தொழிற்சாலையில் நாற்காலிகளுக்குச் சாயம் அடிப்பான். சனி, ஞாயிறு வந்தால் விருந்து மண்டபத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டால் அவன்தான் ராஜா. யாரோ பாடியதை வெட்டி, யாரோ அடித்த தாளத்தில் ஒட்டுவான். கூட்டம் ஆடித் தீர்க்கும். "பாட்டு உன்னோடதா?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

ஒரு விருந்தில் புஷ்பவள்ளி அவன் மேசைக்கு வந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். திருவிழாக்களில் உறுமி வாசிப்பவள்.

"அண்ணே, இப்ப ஓடுதே உறுமி, அது என் கை."

அவன் ஒலியைக் குறைத்தான். பங்குனி உத்திரத்தில் கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போட்ட துண்டு. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தான். அவளோ சிரித்தாள்.

"நடுவுல ஒரு எடம் நிக்குது பாருங்க. அங்க காவடி எடுத்தவருக்குக் கால் தடுக்குச்சு. அவர் நிமிர்ற வரைக்கும் நான் நிறுத்திக் கொடுத்தேன். நீங்க அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கீங்க. இங்க யாரு தடுக்கி விழுந்தா?"

அந்த இடம்தான் தன் இசைக்கே அழகு என்று மாதக்கணக்கில் பீற்றிக்கொண்டிருந்தவன் அவன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அது தணிந்ததும் பிடிவாதம் வந்து உட்கார்ந்தது. இனி சொந்தப் பாட்டு. மேடையில் மனிதர்கள் வாசிக்க வேண்டும். மறுவாரமே புஷ்பவள்ளியிடம் மன்னிப்புக் கேட்டு, தன்னோடு வாசிக்க வரச் சொன்னான். கிட்டார் வாசிக்கும் நண்பன் மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பைத்தியமாடா? உன்னைக் கூப்பிடுறதே லேப்டாப்புக்குத்தான் லா."

"கூப்பிடாட்டி போகட்டும்."

ரீமிக்ஸ் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். எழுதினான், கிழித்தான், மறுபடி எழுதினான். குரல் ஒன்றும் தேன் இல்லை. அதற்காக அவன் விட்டுவிடவும் இல்லை.

பொங்கல் விழாவில் லேப்டாப் இல்லாமல், புஷ்பவள்ளியோடும் மதிவாணனோடும் மேடை ஏறினான். "ரீமிக்ஸ் போடு" என்று கீழே குரல்கள். காதில் வாங்காமல் பாடினான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் பாட்டு. இரண்டாம் சரணத்தில் சொல் மறந்துபோனது. லேப்டாப் என்றால் அவனை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கும். எல்லாம் போயிற்று என்று நினைத்தான்.

உறுமி நின்றது. மதிவாணனும் நிறுத்தினான். புஷ்பவள்ளி கூட்டத்தைப் பார்க்கவில்லை. இவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சை இழுத்தான். சொல் வந்தது. வந்த கணமே உறுமி அதைத் தாங்கிப் பிடித்தது.

இறங்கி வந்தவனைக் கல்யாண மண்டபக்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"நடுவுல நின்னுச்சே, அந்த எடம் நல்லா இருந்துச்சு தம்பி. யாரோட பாட்டு இது?"

"பாட்டு என்னோடது," என்றான் ரூபேந்திரன். "அந்த எடம் அவங்களோடது."