பழைய மிக்சரில் என் குரல்

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கப் பேச்சுதான் பிழைப்பு. அதனால் என் குரல் எடுபடவில்லை என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று வந்தது. சொன்னவர் பிரிக்பீல்ட்ஸில் கேசட் கடை வைத்திருந்தவர். நான் பாடிய அம்மன் பாட்டுகளை ஆடி மாதத்துக்குள் வெளியிடுவதாக இருந்தவரும் அவர்தான்.

பாட்டுகளைப் பதிவு செய்தது என் தம்பி. அதே வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருந்தான். பக்கத்தில் புதிய ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வார நாட்களில் அஸ்திவாரத்துக்குப் பைலிங் தூண் அடிக்கிற அடியில் மைக் ஸ்டாண்டே ஆடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்யூட்டர் புறநகர் ரயில் பிடித்து வந்து பாடிக்கொடுத்தேன்.

தம்பி டேப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய புதிது. உறுமி, நாதஸ்வரம், கீபோர்டு, கோரஸ், என் குரல் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கலந்து முடித்தான். கலக்கும் நாட்களில் வாசித்தவர்கள் அத்தனை பேரும் பின்னால் சோபாவில் உட்கார்ந்து கேட்பார்கள். தன் வாத்தியம் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அது அங்கே வழக்கம். நான்தான் டூட்டியில் மாட்டிக்கொண்டு போகவில்லை.

முடிந்ததைக் கேசட் கடைக்காரர் கேட்டார். எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே பேசினார்.

"மியூசிக் எல்லாம் சூப்பரா இருக்கு தம்பி. அக்கா வாய்ஸ்தான் எடுபடல. பிஜே டவுன்ல ஒரு பொண்ணு இருக்கு, அத வச்சுப் பாட வச்சிரலாம் லா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

நானும் கேட்டேன். மனிதர் பொய் சொல்லவில்லை. உறுமிக்கும் கீபோர்டுக்கும் பின்னால், யாரோ ஒருத்தி பக்கத்து அறையில் பாடுவது போலத்தான் இருந்தது. என் குரல் இவ்வளவுதானா என்று அவமானமாக இருந்தது. "அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக்கோங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன். அந்த வாரம் முழுக்கச் சமையல் செய்யும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. இனிமேல் பாடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

தம்பி எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டான்.

"அக்கா, உன் வாய்ஸ்ல ஒண்ணும் கோளாறு இல்ல. கம்ப்யூட்டர் கலக்குற விதம்தான் சரியில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் வா, ப்ளீஸ்."

அவன் கணக்கு இதுதான். கம்ப்யூட்டர் எல்லா ஒலியையும் வெறும் எண்ணாக்கி உள்ளேயே கூட்டிவிடுகிறது. அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொள்கிறது. அப்படிக் கூட்டவிடாமல், உறுமியைத் தனியாக, குரலைத் தனியாக ஒவ்வொரு கம்பியில் வெளியே எடுத்து, பழைய மிக்சர் ஒன்றில் நிஜமான மின்சாரமாகக் கலந்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். சாலாக் செலாத்தானில் கல்யாண ஆர்கெஸ்ட்ரா நடத்திய ஓர் அங்கிளிடம் அப்படி ஒரு மிக்சர் சும்மா கிடந்தது. லோரியில் ஏற்றி வந்து மாடிக்குத் தூக்குவதற்குள் தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலையில் நாங்கள் இருவர் மட்டும்தான். மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது மிக்சர். சூடாகும் வாசனை வேறு. வாத்தியத்துக்கு ஒன்றாக, மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்கள் வரிசையாக இருந்தன. தம்பி முதல் பாட்டை ஓடவிட்டான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறுமியின் முனகல் தனியாகக் கேட்டது. நாதஸ்வரம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. நடுவில் நான் இருந்தேன். அது என் குரல்தான்.

"பாத்தியா? எல்லாம் இந்தப் பெட்டி செய்யிற வேலை" என்றான்.

நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்சேஞ்ச் பலகையில் விளக்கு எரிந்தால் விரல் எங்கே போகிறது என்று கவனிப்பதே என் வேலை. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து அவன் விரல் என் குரலுக்குரிய ஃபேடரை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

"கம்ப்யூட்டர்ல கலந்தத மறுபடி போடு. இதே அளவுக்கு என்னத் தூக்கிட்டுப் போடு."

கொஞ்சம் தயங்கினான். பிறகு போட்டான். மிக்சரில் இருந்த விசாலம் இல்லை. உறுமியும் கீபோர்டும் இடித்துக்கொண்டன, அது நிஜம். ஆனால் என் குரல் இருந்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"அப்போ முன்னாடி ஏன்டா கேக்கல?"

அவன் பாட்டை நிறுத்தினான். 

"எல்லாரும் பின்னால உக்காந்திருந்தாங்க அக்கா. சொந்த அக்காவத் தூக்கி வச்சிட்டான்னு பேசுவாங்க லா. அதான் கொஞ்சம்..."

"அதுக்கு என்னை அமுக்கி வச்சியா?"

"கொஞ்சந்தான்."

அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று வந்தது. இந்தக் கொஞ்சத்தில்தான் என்னைப் பாட்டை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். அவன் முகம் தொங்கிவிட்டதால் விட்டேன்.

மதியம் எல்லோரும் வந்துவிட்டார்கள். மிக்சரில் கலப்பதைச் சேமித்து வைத்துப் பிறகு திருத்த முடியாது. பாட்டு ஓடும்போதே கையால் கலந்து, அப்படியே பதிவு செய்துவிட வேண்டும். உறுமிக்காரர்கள், கீபோர்டுக்காரர், கேசட் கடைக்காரர் எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"பாஸ், உறுமி கேக்கணும் பாஸ்" என்று ஒருவர் குரல் கொடுத்தார். தம்பி சிரித்துத் தலையாட்டினான். பதிவு ஓடத் தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் அவன் விரல் என் ஃபேடரைத் தொட்டு மெல்லக் கீழே இழுத்தது. அது அவனுக்கே தெரிந்திருக்காது.

நான் சோபாவைத் தாண்டிப் போய் அவன் கையை விலக்கினேன். ஃபேடரைக் காலையில் இருந்த இடத்துக்குத் தள்ளினேன்.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கிசுகிசுத்தான்.

"பாக்கட்டும்டா. நான்தானே பாடினேன்."

பாட்டு முடியும்வரை நான் விரலை எடுக்கவில்லை.