கமலேஸ்வரியின் பச்சைப் பெடியள்

கைத்தொலைபேசியின் வாயை அடைத்து, வெட்டுத்துணிகளுக்கு அடியில் புதைத்து, மேசை லாச்சியைச் சாத்தி, சாத்தியது போதாதென்று இடுப்பால் ஒரு தள்ளும் தள்ளிவிட்டுத்தான் கமலேஸ்வரி தன் தையற்கடைக் கதவின் மற்றப் பாதியைத் திறப்பாள். ஆட்டம் நடந்த மறுநாட் காலை என்றால் இதுதான் முதல் வேலை. அன்று வானொலிக்கும் விடுமுறை. பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைப் பஸ்மியா, பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுப்பாள். அந்தப் பக்கம் முழுக்கக் கிரிக்கெட்தான், ஐரோப்பாக் கூடைப்பந்தைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் வராது என்று பஸ்மியா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "வராதுதான். ஒருநாளைக்கு வந்திட்டா என்ன செய்யிறது?" என்பாள் கமலேஸ்வரி.

திருகோணமலை உள்துறைமுகத்தில், ஜெட்டிக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது கடை. கமலேஸ்வரிக்கு வயது ஐம்பத்து நான்கு. பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, கப்பற்காரரின் ஓவரோல், எது வந்தாலும் தைப்பாள். அவள் உயிரை விடுவது லித்துவேனியா நாட்டில் கவுனாஸ் என்ற ஊரின் கூடைப்பந்து அணிக்கு. ஸால்கிரிஸ் என்று பெயர். ஒழுங்கையில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாது. சட்டை பச்சை நிறம் என்பதால் "கமலேஸ் அக்காட பச்சைப் பெடியள்" என்று சொல்லிவிடுவார்கள். பெடியள் என்றால் சும்மா சின்னப் பையன்கள் இல்லை, ஆளுக்கு ஆறரை அடி.

இந்தப் பைத்தியம் வந்த கதை சின்னது. பத்து வருசத்துக்கு முன்னர், மாவு ஆலைக்குக் கோதுமை இறக்க வந்த கப்பலில் இருந்து ஒரு இன்ஜினியர் கிழிந்த ஓவரோல்கள் மூன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அவற்றுக்குள் சுருண்டு கிடந்தது பச்சையும் வெள்ளையுமாய் ஒரு கம்பளிச் சால்வை. ஓவரோல்களை எடுக்க ஆள் அனுப்பினான், சால்வையை மறந்துவிட்டான், கப்பலும் போய்விட்டது. அடுத்தவன் பொருளைப் பெட்டிக்குள் பூட்டிவைக்க அவளுக்கு மனமில்லை. வந்தால் கண்ணில் படட்டும் என்று மெசினுக்கு மேலே சுவரில் தொங்கவிட்டாள். ஒரு வருசம் அதற்குக் கீழே இருந்து தைத்தாள். பிறகு பொறுக்க முடியாமல், சால்வையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஜெர்மனியில் இருக்கும் அக்காவின் மகன் கஜீபனிடம் இது என்ன சாமான் என்று கேட்டாள். கேட்டது வினையாய்ப் போயிற்று. அவன் ஒரு ஆட்டத்தை அனுப்பினான். பிறகு, ஆட்டங்களைக் காட்டும் இணையத்தளத்தில் தான் காசு கட்டி வைத்திருக்கும் கணக்கின் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டு, பழைய லப்டொப் ஒன்றையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான்.

பள்ளிக்கூடக் காலத்தில் கமலேஸ்வரி வலைப்பந்து ஆடியவள். கோல் அடிக்க விடாமல் மறிப்பதுதான் அவளுடைய இடம். அதனால் இன்றைக்கும் கூடைக்குள் பந்து விழுவதை அவள் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. விழவிடாமல் மறிப்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எதிராளியோடு ஒட்டி நிற்காமல் ஒரு முழம் தள்ளி நிற்பவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன் ராசா, அவன் என்ன உனக்கு மச்சாள் முறையோ? கிட்டப் போவன்," என்பாள் திரையைப் பார்த்து. அமெரிக்கக்காரரின் ஆட்டம் உலகமெல்லாம் பேர் பெற்றதாயிற்றே என்று கேட்டால், உதட்டைச் சுழிப்பாள். "அது கலியாண வீட்டுச் சாப்பாடு. பார்க்க வடிவு. நாளும் பொழுதும் தின்ன ஏலாது. இவையள் விளையாடுறது வீட்டுச் சோறு."

ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அளவெடுக்கும் நேரத்தில் கேட்டால் அளவுநாடா கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். மற்றபடி கோபக்காரி இல்லை. நகரத் தெருக்களில் அலைந்து திரியும் மான்கள் கடைப்படிக்கு வந்து, கடதாசியில் வெட்டிய சட்டை அளவுகளைக் கடித்துத் தின்றால்கூட, "நாற்பத்திரண்டு சைஸ். செமிக்குமோ?" என்று கேட்டு விரட்டுவாள். தனி மனுசி, சொந்தக் கடை, தெளிவான கண், இரவில் நல்ல நித்திரை. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை, சொல்லவும் மாட்டாள்.

அந்த நித்திரைதான் சிக்கல். அங்கே பின்னேர ஆட்டம் என்றால் இங்கே நடுச்சாமம். ஊசிக்கண்ணில் நூல் கோர்க்கிறவள் கண்முழிக்க ஏலாது. ஆகவே மறுநாட் காலை ஒன்பதரைக்கு, வெட்டுமேசையில் லப்டொப்பை வைத்து, முடிவு தெரியாமல், இப்போதுதான் நடக்கிறது என்ற நினைப்பிலேயே முதலில் இருந்து பார்ப்பாள். தெரிந்துகொண்டு பார்ப்பது செத்தவீட்டில் வந்து "எப்பிடிச் சுகம்" என்று கேட்கிற மாதிரி என்பது அவள் கட்சி.

அதைக் காப்பாற்றுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருமுறை விடியவே கஜீபனிடம் இருந்து செய்தி வந்தது. முடிவை அவன் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. "கவலைப்படாதேங்கோ சின்னம்மா" என்று மட்டும் எழுதியிருந்தான். ஒரு மாதம் அவனோடு கதைக்கவில்லை. "கவலைப்படாதேங்கோ எண்டு எழுதினா, கவலைப்பட ஏதோ இருக்குத்தானே?" அடுத்தது பஸ்மியாவின் முறை. அக்கா மனம் ஒடிந்து போவாவே என்று, முடிவைத் தன் போனில் முன்கூட்டியே பார்த்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு வட்டிலப்பம் அவித்து, காலை எட்டரைக்கே கொண்டுவந்து வைத்தாள். பெருநாளும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. வட்டிலப்பத்தைப் பார்த்தாள், பஸ்மியாவின் முகத்தைப் பார்த்தாள், "எத்தினை புள்ளியாலை தோத்தவையள்?" என்று கேட்டாள் கமலேஸ்வரி. அன்றுமுதல், ஆட்டத்துக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் கமலேஸ் அக்காவுக்கு யாரும் ஒரு நன்மையும் செய்யக்கூடாது என்று ஒழுங்கையில் சட்டமாகிவிட்டது.

ஒழுங்கை முழுக்க அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது உண்மை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு வாயைத் திறந்து கதைக்க ஒரு ஆள் இல்லை என்பதும் உண்மை. "வெண்டதோ அக்கா? நல்லது," என்பாள் பஸ்மியா. அதோடு சரி. கஜீபன் புள்ளியைத்தான் பார்ப்பான், ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. கடைசி நிமிடத்தில் அந்தத் தலை நரைத்த பயிற்றுநர் ஏன் ஆளை மாற்றினான் என்று அவள் யாரிடம் கேட்பாள்? ஒன்பது வருசமாகத் தையல் மெசினிடம்தான் கேட்டிருக்கிறாள். அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது. வலித்ததென்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த வருசம் சித்திரைப் புத்தாண்டு முடிந்து வந்த சனிக்கிழமை அவளுக்குப் பெரிய நாள். முதல்நாள் இரவு, முதற்சுற்றின் கடைசி ஆட்டம். பச்சைப் பெடியள் ஸ்பெயின்காரரை வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான், இனி ஐப்பசிக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். ஒன்பதே முக்காலாகியும் சீருடை தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி விட்டுப்போகவில்லை. அவளை ஒருவாறு அனுப்பிவிட்டுக் கமலேஸ்வரி லப்டொப்பைத் திறக்கும்போது, வாசலில் ஒரு வெள்ளைக்காரர் ஓவரோலும் கையுமாக வந்து நின்றார்.

அறுபது வயது மதிக்கலாம். கோதுமைக் கப்பலின் மூன்றாம் இன்ஜினியர், கிரேக்கர், பெயர் மனோலிஸ். உள்ளே வைத்த காலைச் சுவரில் இருந்த பச்சையைக் கண்டதும் வெளியே எடுத்தார். அவருடைய ஊர் பிரேயஸ் துறைமுகம். அந்த ஊர் அணிக்குச் சிவப்பு. பரம எதிரிகளான பக்கத்து ஏதென்ஸ்காரருக்குப் பச்சை. அந்தப் பச்சை இருக்கிற கடையில் பிரேயஸ்காரன் துணி தைக்கக் கொடுப்பானோ? பிறகு கண்ணைச் சுருக்கி எழுத்துகளை வாசித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "ஸால்கிரிஸ்," என்றார். ஒன்பது வருசத்தில் அந்தப் பெயரை ஒருவர் சரியாகச் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். மனிதர் மகிழ்ச்சியோடு மேசைக்குக் கிட்ட வந்து, "நேற்று இரவு," என்று துண்டு இங்கிலிஷில் தொடங்கினார்.

கமலேஸ்வரி கத்தரிக்கோலோடு எழும்பிவிட்டாள். "நோ. நோ டெல். மட்ச் பார்க்கேல்ல."

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், லப்டொப்பைப் பார்த்தார், உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டப் பைத்தியத்தின் சட்டம் எல்லாத் துறைமுகத்திலும் ஒன்றுதான் போல. ஓவரோலின் கிழிசல் ஒரு விரலளவுதான், கால் மணித்தியாலத்தில் தைத்து அனுப்பிவிடலாம். அவள் அவசரப்படவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ," என்றாள். முடிவு தெரிந்த முகத்தைப் பார்த்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று கதிரையைத் தனக்குப் பின்னால் போட்டாள். போட்ட பிறகுதான் கவனித்தாள், உடுப்புப் போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடியில் அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. எழும்பிப் போய் ஒரு வெள்ளைச் சீருடையால் கண்ணாடியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. நடுவர் ஒரு பிழையான விசில் ஊதினால் இவள் தமிழிலும் அவர் கிரேக்கத்திலும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். இரவு கப்பலில் ஏற்கெனவே பார்த்துத் திட்டிய விசில்தான் அது. அவருக்கு இரண்டாம் தரமும் கோபம் வந்தது. பச்சைப் பெடியன் ஒருவன் எதிராளியை விடாமல் மறித்துப் பந்தைப் பறித்தபோது, பின்னால் இருந்து மெதுவாக ஒரு கைதட்டல் கேட்டது. மற்ற எல்லாரும் கூடையில் விழுவதற்குத்தான் கை தட்டுவார்கள். இவர் மறித்ததற்குத் தட்டுகிறார். கமலேஸ்வரி ஓவரோலை மடியில் போட்டுக்கொண்டு, தைக்காமலே இருந்தாள். பஸ்மியா இரண்டு பேருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து, ஆட்டம் முடியவில்லை என்றதும் அது நன்மையில் சேருமோ என்று பயந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு கால் பங்கு ஆட்டத்தில் மூன்று முடிந்தது. புள்ளி சரிசமம். கடைசிக் கால் தொடங்கப் போகிறது. அப்போது கப்பல் ஏஜென்டின் படகோட்டி முஹம்மது தம்பி வியர்க்க வியர்க்க வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, கப்பல் வெளிக்கிடப் போகுது. ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேணும். இனி நிக்க ஏலாது."

"இன்னும் அரை மணித்தியாலம், நானா," என்று கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டாள் கமலேஸ்வரி.

"அரை மணித்தியாலமோ? அங்க கப்டன் என்னைத் தின்னப்போறான். வேணுமெண்டா அஞ்சு நிமிசம். அதுக்கு மேல என்னட்டைக் கேக்காதீங்க."

மனோலிஸுக்கு மொழி தெரியாவிட்டாலும் விசயம் விளங்கியது. அவர் எழும்பினார். கமலேஸ்வரி தலையைக் குனிந்து கிழிசலை மெசினில் ஓடவிட்டு, நூலைப் பல்லால் கடித்து, ஓவரோலை மடித்துக் கொடுத்தாள். அவர் தொப்பியைப் போட்டார். முடிவு அவர் நாக்கு நுனியில் நின்றது, ஆனாலும் மனிதர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து, படியில் இறங்கினார்.

அவர் போகட்டும். அவள் இருந்து, கடைசிக் கால் பங்கை எப்போதும்போல் முடிவு தெரியாமல், தன்பாட்டில் பார்க்கலாம். ஒன்பது வருசம் காத்த காவல் ஒன்றும் கெடாது. ஆட்டம் லப்டொப்பில்தான் கிடக்கும், எங்கேயும் போகாது. இந்த மனுசன் போனால் போனதுதான். இனி எந்தக் கப்பலில் எந்தப் பைத்தியம் வந்து இந்த வாசலில் நிற்கும்? பார்த்துவிட்டு யாரிடம் கதைப்பாள்? மெசினிடமா?

"இஞ்ச வாங்கோ," என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

கமலேஸ்வரி லப்டொப்பை மூடி, மெசினுக்குக் கீழே வைத்தாள். தையற்சோக்கை எடுத்து, வெட்டுமேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியில் நேராக ஒரு கோடும், வளைவாக ஒரு கோடும், கூடைக்கு ஒரு வட்டமும் கீறினாள். பொத்தான் போட்டுவைக்கும் தகரப் பேணியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். "கடைசியிலை என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ," என்றாள் தமிழில்.

அவருக்கு அது விளங்கியது. தொப்பியைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டு, பொத்தான்களைக் கிண்டி, ஐந்து பச்சையும் ஐந்து வெள்ளையும் தேடி எடுத்தார். வெள்ளைகளை வளைவைச் சுற்றி வைத்தார். பச்சைகளை ஒவ்வொன்றாக அவற்றுக்கு எதிரே வைத்தார். கடைசிப் பச்சையை ஒரு விரற்கடை தள்ளி வைத்துவிட்டு, பந்துக்கு ஒரு சிவப்புப் பொத்தானைத் தேடினார்.

முஹம்மது தம்பி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். கமலேஸ்வரி அந்தக் கடைசிப் பச்சைப் பொத்தானில் சுட்டுவிரலை வைத்து, எதிரே இருந்த வெள்ளையோடு முட்டும்வரைக்கும் தள்ளினாள்.