நெட் இல்லை என்று சொன்ன ஞாயிறு

ஒரு கணினியைக் கெடுக்க அரைகுறை அறிவு போதும். பன்னிரண்டு வயதில் எனக்கு அது தாராளமாகவே இருந்தது. பள்ளிக் கணினிக் கழகத்தில் ஓர் அக்கா கொடுத்த லினக்ஸ் குறுந்தட்டு என் பையில் இருந்தது. வீட்டிலோ ஒரு கிழட்டு மடிக்கணினி, உயிர்பெற்று எழவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? ஜூன் விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அதிலிருந்த விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன்.

அந்த மடிக்கணினியைத் தேடி வந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். தங்கும் விடுதி தீவின் மேற்குக் கோடியில். ஞாயிறு தவறாமல் தேக்கா கடைத்தெருவில் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மடிக்கணினியின் முன் உட்காருவார். அங்கே ஊரில், பிரவுசிங் சென்டரில், அத்தை குழந்தையோடு காத்திருப்பார். மாமா சிங்கப்பூர் வந்த பிறகு பிறந்த பெண் அது. தன் மகளை அவர் அந்தத் திரையில்தான் பார்த்திருக்கிறார். கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் அப்போது அவரைப் போன்றவர்களுக்கு எட்டாத சமாச்சாரம்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதிப் பேச்சில் படம் உறைந்துவிடும். மாமா திரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் பாரும்மா, பாப்பா அப்படியே நின்னுட்டா" என்று என்னைக் கூப்பிடுவார். இனி அப்படி நிற்காது, எல்லாரும் என்னை மெச்சுவார்கள் என்று நினைத்தேன். மெச்சுவார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் ஏறியது, பறந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. வைஃபை இல்லை. உள்ளே இருக்கும் வயர்லெஸ் கார்டு லினக்ஸின் கண்ணுக்கே தெரியவில்லை. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னது. இணையத்துக்குப் போகத்தானே அந்த டிரைவர்! அட கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டேன்.

அண்ணனின் மேசைக்கணினிக்குக் கேபிள் வழியாக நெட் வந்துகொண்டிருந்தது. அந்தக் கேபிளை ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் அம்மா காதுக்குப் போகும். அவன் பந்து விளையாடப் போன நேரம் பார்த்து, அவன் கணினியில் இணைய மன்றம் மன்றமாகத் தேடினேன். மடிக்கணினியைக் கவிழ்த்துப்போட்டு, அடிமூடியைத் திருகிக் கழற்றி, கார்டின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதற்குரிய டிரைவரைத் தம்ப் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினேன். சனிக்கிழமை மாலை கார்டு லினக்ஸின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வைஃபை மட்டும் வரவில்லை. யாரோ மன்றத்தில் சொன்ன கட்டளையைத் தட்டியதும் திரையில் 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்று வந்தது. ஹார்ட் என்றால் கடுமை என்று எடுத்துக்கொண்டேன். கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, நாமும் கடுமையாக மோதிப் பார்ப்போம் என்று, தடையை நீக்கும் கட்டளையை ஐம்பது தரமாவது தட்டியிருப்பேன். விரல் வலித்ததுதான் மிச்சம்.

ஞாயிறு காலை அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது முந்திக்கொண்டேன். "ம்மா, நேத்துலேர்ந்து நெட் இல்லம்மா. புளோக் முழுக்க இல்லியாம்." அம்மாவுக்கு நெட்டும் ஒன்றுதான், நிலாவும் ஒன்றுதான். சரி என்று தலையாட்டிவிட்டார்.

மாமா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "பாப்பா எட்டு வைக்கிறாளாங்க்கா! இன்னிக்கு கேமரா முன்னாடி நடக்கவிட்டுக் காட்டுறேன்னு அவ அம்மா சொல்லியிருக்கா" என்றார். முகமெல்லாம் பல்.

"நெட் இல்ல மாமா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாண்டா, நேத்துலேர்ந்தே இல்ல, புளோக் முழுக்கவே இல்லியாம்" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

அதே நேரம் மூடிய அறைக்குள்ளிருந்து அண்ணனின் கத்தல். நெட்டில் ஆடும் கணினி விளையாட்டில், காதில் மாட்டிய ஹெட்செட்டோடு, எங்கோ இருக்கும் கூட்டாளியிடம்: "வெயிட் லா, சர்வர் ஸ்லோ லா!"

மாமா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். மாமாவுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும், சர்வர் என்றால் சாப்பாடு பரிமாறுகிறவர் என்று நினைத்திருப்பார் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். என் திமிர் அப்படி. அவர் பூவை மேசையில் வைத்தார். சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு முன்பே, ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை புதிர் அவிழ்ந்தது. மடிக்கணினியின் முன்விளிம்பில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு நகர்த்துப் பொத்தான். கவிழ்த்துப்போட்டபோது என் கட்டைவிரல்தான் அதைத் தள்ளியிருக்க வேண்டும். ஹார்ட் பிளாக் என்றால் ஹார்ட்வேரில் தடை, சுவிட்ச் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்! தள்ளினேன், நீல விளக்கு எரிந்தது. கப்பலில் எது ஓடாவிட்டாலும் முதலில் சுவிட்ச்சைத் தேடுவது மாமாவின் தொழில். கெடுத்துவிட்டேன் மாமா என்று நீட்டியிருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். மகள் நடந்ததையும் பார்த்திருப்பார்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் தயாராக வைத்துக் காத்திருந்தேன். மாமா வரவில்லை. ஓவர்டைம் என்று போன் வந்தது. அதற்கடுத்த வாரமும் ஓவர்டைம். அப்புறம் போனும் குறைந்தது. அம்மா முதலில் கவலைப்பட்டார், பிறகு கோபப்பட்டார். "வந்து ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள அக்கா வீடு கசந்துடுச்சு இவனுக்கு" என்று அப்பாவிடம் பொருமுவார். நான் பாடப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு ஞாயிறு அம்மாவோடு தேக்கா போனேன். அம்மா வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு கடை தள்ளி ஓர் இன்டர்நெட் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள், எல்லார் காதிலும் ஹெட்செட். நடுவில் மாமா, திரையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஓடினேன். திரையில் ஒரு குழந்தை, எதையும் பிடித்துக்கொள்ளாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது எட்டு வைக்கும் பருவமெல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"மாமா, வீட்டுல நெட் வந்துடுச்சு. வாங்க மாமா, இப்ப ரொம்ப ஃபாஸ்ட்" என்றேன்.

மாமா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "இருக்கட்டும்மா. உங்களுக்கெல்லாம் படிப்பு இருக்கு, எதுக்குத் தொந்தரவு? அம்மா மேல மாமாவுக்குக் கோவமில்லைன்னு மட்டும் சொல்லிடு."

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கே பார்த்தாய், அங்கே ஏன் போய்ப் பேசுகிறான் என்று கேள்வி வரும், கடைசியில் என் குட்டு வெளிப்படும். மாமா ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இப்போது அவருக்கும் அம்மாவுக்கும் இடையில் பொங்கல், தீபாவளிக்கு ஒரு போன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிடறேன். தம்பி மாறிவிட்டான் என்று அம்மா இன்றும் சொல்கிறார். இப்போதாவது சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். எத்தனையோ தரம் ஆரம்பித்துவிட்டு வேறெதையோ பேசியிருக்கிறேன்.

அன்று அந்தக் கடையில் நின்றபோது எனக்கு ஒரே குழப்பம். கணினியைக் கெடுத்தது நான், பொய் சொன்னது நான், மாமா எதற்காக அம்மா மேல் கோபப்பட வேண்டும்? கூடப்பிறந்த அக்காவே பொய் சொல்லித் தன்னைத் தட்டிக்கழித்துவிட்டாள் என்று அவர் நம்பியிருக்கிறார் என்பதும், அப்படி நம்பிய பிறகும் அவளை மன்னித்து, அந்த மன்னிப்பை என்னிடம்தான் கொடுத்தனுப்புகிறார் என்பதும் பன்னிரண்டு வயதில் எனக்குப் புரியவில்லை.