எழுநூறு சொல்லில் ஒரு சாரதி

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் சூசைரட்ணம். அவருடைய ஒரே மகள் மெரினா. சாரதிக்கென்று தோட்டம் கொடுத்த வீட்டில் வளர்ந்து, உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, ஹட்டனில் தாய்சேய் நலம் பார்க்கும் தொண்டு நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருடத்தில் நிபுணர் என்று பெயரும் எடுத்துவிட்டாள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள்.

2007இல் வெளிநாட்டுக் கோடீஸ்வரர் ஒருவருடைய அறக்கட்டளை அவளைத் தேர்ந்தெடுத்தது. நிபுணர்களுக்கு விஷயம் தெரிகிறது, உலகத்தின் காதில் விழுகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை என்று அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கவலை. அதற்காக ஒரு வருடப் புலமைப்பரிசில். பத்திரிகையில் எழுத, டிவியில் பேச, மந்திரிமாரின் மனதை அசைக்கப் பழக்குவார்கள். முடிவில் பேங்கொக்கில் மாநாடு.

பழக்க வந்தவர் ஜெயதீபன். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பு இங்கிலீஷ் பத்திரிகைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். முதல் நாளே மெரினாவின் புள்ளிவிவரங்களைத் தள்ளி வைத்தார்.

"உதெல்லாம் ஆர் வாசிக்கிறது? ஒரு ஆளின்ரை கதையைச் சொல்லுங்கோ, தங்கச்சி."

மெரினா அம்மாக்கண்ணுவின் கதையைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்தில் பிள்ளைவலி கண்டவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியை விட்டால் வேறு வண்டி இல்லை. நோயாளியை ஏற்றுவதென்றால், வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். துண்டு இல்லாமல் வண்டியை எடுத்த சாரதிக்கு அன்றோடு வேலை போகும். கண்டாக்கையா, கொழுந்தை ஆலையில் இறக்கிவிட்டு வா, பிறகு தருகிறேன் என்றார். சூசைரட்ணம் மூன்று தரம் போய்க் கெஞ்சியும் ஆள் மசியவில்லை. கொழுந்தை இறக்கித் திரும்பி வந்து அவளை ஏற்றினார். பாதி வழியில், வெறும் கொழுந்துச் சாக்குகளின் மேல், தாயும் பிள்ளையும் செத்துப் போனார்கள்.

ஜெயதீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனையை எடுத்தார்.

"எழுநூறு சொல்லுக்கு மேலை போனா எடிட்டர் தூக்கி எறிஞ்சு போடுவார். உந்தத் துண்டு, கண்டாக்கு ஒண்டும் வாசிக்கிறவனுக்கு விளங்காது. வெட்டுவம்."

"அதை வெட்டினா பழி டிரைவர் மேல விழுந்துடும் சார்."

"பேர் போடேல்லைத்தானே? ஆருக்குத் தெரியப்போகுது?"

டிரைவர் என் அப்பா என்று அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லொறிக்காரன் மகள் என்று தெரிந்தால் நிபுணருக்கு மதிப்புக் குறைந்துவிடுமாம்! அதோடு, தோட்டத்தில் இங்கிலீஷ் பேப்பர் யார் வாசிக்கிறார்கள் என்றும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாசிக்கிற ஒரே ஆள் தோட்டத்தை நடத்தும் துரைதான் என்பது அவ்வளவு படித்த மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. கர்ப்பிணி துடித்துக்கொண்டிருக்க, சாரதி கொழுந்தை ஏற்றிக்கொண்டு போனான் என்பது முதல் வரி. மேலே மெரினாவின் படம். சூசைரட்ணத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. மஸ்கெலியாக் கடையில் பேப்பரை வாங்கி, கட்டுரையை வெட்டி, லொறியின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். கொழுந்து நிறுக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் துரை கூப்பிட்டனுப்பினார். கொழும்பிலிருந்து தோட்டக் கம்பனி விளக்கம் கேட்டிருந்தது, யாரையாவது குற்றவாளியாகக் காட்டியாக வேண்டும்.

"கண்டாக்கையா துண்டு தரலைங்க தொரை. நான் மூணு வாட்டி கேட்டேங்க."

"பேப்பர்ல துண்டு பத்தி ஒண்ணுமே இல்ல. டிரைவர் போயிட்டான்னுதான் இருக்கு. எழுதினது ஒன் மக. பெத்த மகளே பொய் சொல்லுவாளா?"

வேலைப் பதிவிலிருந்து அவர் பெயரை வெட்டினார்கள். வேலையோடு வீடும் போயிற்று. மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் ஹட்டனில் மெரினாவின் வாடகை அறைக்கு வந்து சேர்ந்தார்.

"துண்டு இல்லாம லொறிய எடுக்க ஏலாதுன்னு ஒனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ப்பா."

அவர் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெரினாதான் அழுதாள்.

"பேங்கொக்குல பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்கப்பா. நடந்தது எல்லாத்தையும் அங்க சொல்லிப்புடுறேன். அவங்க ஒரு கடிதம் போட்டா தொரை ஒங்கள திருப்பி எடுத்துக்குவாரு."

சூசைரட்ணம் நம்பினார். காக்கிச் சட்டையைத் தோய்த்து மடித்து வைத்துக்கொண்டார். பாவி மனுஷனுக்கு மகள் சொல்தான் வேதவாக்கு.

பேங்கொக்கில் பெரிய மண்டபம், பெரிய திரை. ஒவ்வொருவர் எழுத்தாலும் உலகத்தில் என்ன மாறியது என்று திரையில் ஒரு வரி காட்டினார்கள். மெரினாவின் படத்துக்குக் கீழே வந்தது: 'கட்டுரையின் விளைவாக, மரணத்துக்குப் பொறுப்பான சாரதி பணிநீக்கம்.' ஜெயதீபன் கம்பனியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த செய்தி. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. கோடீஸ்வரரும் தட்டினார்.

ஜெயதீபன் அவள் காதில் சொன்னார்: "அடுத்த வருசமும் உங்களைத்தான் எடுப்பினம், பாருங்கோ."

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் அவளுடையது. வாயை யாரும் பொத்தவில்லை. மெரினா திரையைப் பார்த்தாள். அறக்கட்டளைக்கு நன்றி சொன்னாள், ஜெயதீபனுக்கு நன்றி சொன்னாள், தோட்டத்துத் தாய்மாருக்கும் ஒரு நன்றி சொன்னாள். பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் ஹட்டன் அறைக்கு டெலிபோன் எடுத்தாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன்ப்பா."

"என்னா சொன்னாங்க?"

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்கப்பா."

"கை தட்டினாங்களாம்! இனி வேலை கெடைச்சிரும்" என்று அவர் தன் மனைவியிடம் சொல்வது அவளுக்குக் கேட்டது.