செல்வியின் மச்சம்

போன வாரம் அரியலூரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். ஸ்டுடியோப் பெண் கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கிவிட்டு, "அக்கா, கன்னத்து மச்சத்த எடுத்துடவா?" என்றாள். "ஐயையோ, வேணாம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் மவுஸைக் கீழே விட்டுவிட்டாள். பாவம், மச்சம் அழித்து மாட்டிக்கொண்டவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பல வருஷங்களுக்கு முன்னால், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் அச்சகத்தின் மாடியில் சினிமா மாத இதழ் ஒன்று நடந்தது. ஆசிரியர் மணிவேல் சார். கேள்வி பதில் பகுதியில் பதில் மட்டுமல்ல, கேள்வியும் அவருடையதுதான். அட்டை வடிவமைப்பு நான். மூன்று மாதக் கம்ப்யூட்டர் படிப்பு முடித்த திமிர் வேறு. சேர்ந்த மாதமே ஒரு கதாநாயகனுக்கு இரண்டு இடது கை வைத்து அனுப்பினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் வந்த தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெண் செல்விக்கு ஒரு படத்தில் கதாநாயகியின் தங்கை வேடம் கிடைத்தது. "நம்ம பக்கத்துப் பொண்ணும்மா. அட்டை பளிச்சுனு இருக்கணும்" என்றார் சார். அவர் அகராதியில் பளிச் என்றால் வெள்ளை. முகத்தை வெளுத்தேன். மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கினேன். உதட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்கேனர் தூசி என்று நினைத்து அழித்ததாகத்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் என்ன மறைக்க? மச்சம் என்று தெரிந்தேதான் அழித்தேன். பெயரை ஏற்கனவே சினிமாக்காரர்கள் மாற்றியிருந்தார்கள். முகத்தை நான் மாற்றினேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள் ஓர் அம்மா மாடியேறி வந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களில் எங்கள் இதழ்.

"இதுல எம் பொண்ணு எங்கம்மா?"

"அட்டையிலயே இருக்காங்களேம்மா."

"படம் பேரு இருக்கு. அவளக் காணுமே. செல்விதான்னு சொன்னா தெருவுல சிரிக்கிறாங்க. நான் பொய் சொல்றேங்குறாங்க."

மணிவேல் சார் மெதுவாக எழுந்து, "டீ சொல்லிட்டு வரேன்" என்றார். டீ வந்தது, அவர் வரவில்லை.

கம்ப்யூட்டரில் அந்த அட்டையின் ஃபைலைத் திறந்து, நான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். வெள்ளை போனது. மூக்கு திரும்பியது. கடைசியில் மச்சம் வந்தது. அந்த அம்மா எழுந்து வந்து திரையைத் தொட்டார்.

"இந்தா, இவதான்! நல்லாத்தானம்மா இருக்கா. எதுக்கு அழிச்ச?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும்தான்.

ஒரு வழியாக சார் திரும்பியதும், அடுத்த இதழுக்கும் செல்விதான் அட்டை, அசல் முகத்தோடு என்றேன். "ஒரே பொண்ணு ரெண்டு மாசமா? நல்லாவா இருக்கும்?" என்றார். "அப்ப நீங்க அவங்க தெருவுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க சார்" என்றேன். எனக்கு அவ்வளவு வாய் உண்டென்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. சார் யோசித்தார். அட்டையில் 'ரசிகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். வேண்டிய ரசிகர் ஒரே ஒருவர். அந்த அம்மா வந்து இருபது பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினார். தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தாராம்.

படம் வெளியானபோது அரியலூர் தியேட்டர் வாசலில் போஸ்டர் பார்த்தேன். செல்வி மூலையில் சின்னதாக இருந்தாள், மச்சம் இல்லாமல். சென்னைக்காரர்கள் என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

செல்வி இன்னும் ஒரு படத்தோடு போதும் என்று கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் இதழ் நின்றது. அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போனது, அதோடு அவளுடைய இரண்டு முகங்களும் போயின. இன்று எந்தப் படத்தில் யார் முகத்தை யார் மாற்றினார்கள் என்றே தெரிவதில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, படியேறி, "எதுக்கு அழிச்ச?" என்று கேட்டால் பதிலில்லாமல் விழிக்கவாவது ஓர் ஆள் உட்கார்ந்திருந்த அந்த மாடி இப்போது இல்லை.